ஏழு ஜன்னல், வாடகை இல்லை

கொலம்பஸ், ஒஹாயோ

அன்புள்ள அத்தைக்கு,

"அமெரிக்கா போய் வீட்டுக் கடனைத் தவிர என்னடி பார்த்தாய்?" என்று கேட்டிருந்தீர்கள். கடனே இல்லாத ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் ஹாக்கிங் ஹில்ஸ் மாநிலப் பூங்கா. பூங்கா என்றதும் சறுக்குமரமும் சுண்டல்காரரும் நினைவுக்கு வர வேண்டாம். அடர்ந்த காடும் மணற்பாறைப் பள்ளத்தாக்குமாகக் கிடக்கிறது. அங்கே குகை என்று காட்டுவதில் பெரும்பாலானவை மழைக்கு ஒதுங்கும் பாறைத் தாழ்வாரங்கள்தான். அசல் குகை ஒன்றே ஒன்று. பெயர் ராக் ஹவுஸ்.

150 அடிப் பாறைச் சுவரின் நடுவில் இருக்கிறது. 200 அடி நீளம், 25 அடி உயரம், ஏழு ஜன்னல். வீடு பார்க்கப் போனால் முதலில் காற்றோட்டத்தைத்தானே கேட்பீர்கள்? இதில் குறையே சொல்ல முடியாது. கொத்தனார் தண்ணீர்தான். நெடுக ஓடிய பெரிய விரிசலில் இறங்கிக் கூடத்தைக் குடைந்தது; குறுக்கு விரிசல்களில் புகுந்து ஜன்னல் வைத்தது. சுவரைத் தடவினேன், உள்ளங்கையில் ரவை மாதிரி மணல் ஒட்டியது. "தொடாதே, இடிந்துவிடப் போகிறது" என்றார் இவர். சுமார் 35 கோடி வருஷத்துப் பாறை என் கை பட்டா இடியும்?

சமையலறையும் உண்டு. பின்சுவரில் இருக்கும் சின்னக் குழிகளைப் பழங்குடி மக்கள் அடுப்பாக வைத்துக்கொண்டார்களாம். எங்கள் வீட்டில் கடுகு தாளித்தாலே புகை அலாரம் தெருவைக் கூட்டும். அவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பழைய குடித்தனக்காரர்களைப் பற்றி விசாரிக்காமல் இருப்பது நல்லது. கொள்ளைக்காரர்களும் குதிரைத் திருடர்களும் பதுங்கிய இடம் என்கிறார்கள். 1835-இல் பக்கத்திலேயே 16 அறை ஹோட்டல் வந்திருக்கிறது, நடனக் கூடம், குதிரை லாயம், தபால் ஆபீஸ் சகிதம். இன்று அந்த இடத்தில் பிக்னிக் கொட்டகை. அங்கே உட்கார்ந்துதான் புளியோதரையைப் பிரித்தோம். குகைச் சுவரில் ஊர்ப்பட்ட பேர் தங்கள் பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு கலையில் நம்மவர்களுக்கு அவர்கள் சளைத்தவர்கள் இல்லை.

நீங்களும் வந்து பார்க்க வேண்டும், முழங்கால் வலியைச் சாக்குச் சொல்லாதீர்கள். எம்மா கேட்வுட் என்று ஒரு ஒஹாயோ பாட்டி, 11 பிள்ளை பெற்றவர். 1955-இல், 67 வயதில், 3,300 கிலோமீட்டருக்கும் நீளமான அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தன்னந்தனியாக நடந்து முடித்தார். கூடாரம் கிடையாது, மழைக்கு ஒரு குளியலறைத் திரை, காலுக்குச் சாதாரண கான்வாஸ் ஷூ. இந்தப் பூங்காவில் ஒரு 10 கிலோமீட்டர் பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதனால் விசாவுக்கு மனுப் போடுங்கள். புடவையோடு வரலாம், ஹவாய்ச் செருப்போடு வேண்டாம், படிகள் வழுக்கும். வீடு பிடித்துவிட்டது, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று மட்டும் அடம்பிடிக்கக் கூடாது. பொழுது சாய்ந்தால் காவலர் வந்து கிளப்பிவிடுவார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்