செம்பருத்திக்கு வந்த வைத்தியர்கள்

எங்கள் மொட்டை மாடிச் செம்பருத்திக்கு உடம்பு சரியில்லை. இலை மஞ்சளித்தது, மொட்டு விரியும் முன்பே உதிர்ந்தது. அவ்வளவுதான், குடியிருப்பு மொத்தமும் வைத்தியராகிவிட்டது.

கீழ்வீட்டு மாமி முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொன்னார் (அவர் வீட்டு வாசலை முட்டை மிதித்ததே இல்லை). மாமனார் புளித்த மோர் என்றார். கொழுந்தியாள் வெங்காயத் தோல் ஊறிய தண்ணீர் என்றாள். மூன்றாம் மாடிக்காரர் டீத்தூளைப் பாலும் சர்க்கரையுமாகவே கொட்டிவிட்டுப் போனார். எறும்புகளுக்கு அன்று கல்யாணச் சாப்பாடு. என் பங்குக்கு நான் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். பாசம்!

கடைசியில் நர்சரிக்காரர் வந்து இலையைத் திருப்பினார். கணுவெல்லாம் வெள்ளைப் பஞ்சு: மாவுப்பூச்சி. அது செடியின் சாற்றை உறிஞ்சி இனிப்பாகக் கழிக்கும். எறும்பு அதை நக்கிக்கொண்டு பூச்சிக்குக் காவல் நிற்கும். கூட்டணி தர்மம் என்றால் இதுதான். தொட்டியைச் சாய்த்தால் அடித்துளை அடைத்து, வேர் சேற்றில் கிடந்தது.

"தண்ணில முக்கிட்டு விருந்தும் வெச்சா எப்படி சார்?"

பூச்சி பிடித்த கிளைகளை வெட்டினார்; துளையைக் குத்தித் திறந்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வாரம் ஒரு சாயங்காலம் தெளிக்கணும். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

ஆறாவது வாரம் பூத்தது. "மோர் வேலை செய்யுது பாத்தீங்களா, மாப்பிள்ளை?" என்றார் மாமனார். மாமி ஒன்றும் பேசவில்லை. விடியும் முன்பே பூவைப் பறித்துச் சாமிக்கு வைத்துவிட்டார்.