வேப்பம்பட்டு மின்னுருளியியல்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

வேப்பம்பட்டு என்பது திருநின்றவூருக்கு அடுத்தும் செவ்வாப்பேட்டை ரோட்டுக்கு முன்பும் மின்சார ரயில் நிற்குமிடம். ஆய்வு எல்லையை ரயில்வேயே வகுத்துக் கொடுத்துவிட்டதால் அதற்கெனத் தனி இயல் தேவையில்லை. மரபு கருதி நாற்பது பக்கம் எழுதப்பட்டது. நெறியாளர் அதைப் படிக்கவே போவதில்லை என்று தெரிந்ததும் நீக்கப்பட்டது.

ஆய்வுப்பொருள்: மின்சார ஸ்கூட்டரையும் ஸ்கேட்போர்டையும் சாலையிலும் நடைபாதையிலும் ஓட்டுவோர் கைக்கொள்ள வேண்டிய பாதுகாப்பு நெறிகள். கருதுகோள்: அப்படிச் சில உண்டு.

ஸ்கேட்போர்டு கோவளம் வரை வந்துவிட்டது. வேப்பம்பட்டு ஆய்வாளர் கண்ணில் இன்னும் படவில்லை. இவ்வியல் முற்றும்.

ஸ்கூட்டர் இருவகைப்படும்: வண்டி, வண்டியல்லாதது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இரண்டாம் விதி இதற்கு இலக்கணம் கூறும். மோட்டாரின் 30 நிமிட ஆற்றல் 250 வாட்டுக்குக் குறைவு, உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமை. இவற்றுக்குப் பரிசோதனை நிலையம் சான்று தந்தால் அது மோட்டார் வாகனமே அன்று. லைசென்ஸ் வேண்டாம், பதிவும் வேண்டாம். இவ்வரம்பைக் கடந்தது பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து தாங்கி வாகனமாகப் பிறவி எடுக்கும். ஆக, 24இல் ஓடக்கூடியது வந்து இடித்தால் இடித்தது வண்டி அன்று. 26இல் ஓடக்கூடியது இடித்தால் வண்டி. இடிபட்டவருக்கு இந்நுட்பம் அந்நேரத்தில் விளங்குவதில்லை. அவர் இலக்கணம் பயிலாதவர்.

இனி நடைபாதை. சிங்கப்பூர் 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டரைத் தடை செய்தது; மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. சைக்கிள் பாதையில் போகலாம், அங்கும் 25க்கு மேல் கூடாது. இங்கிலாந்துக்காரர்கள் இதற்குப் புதுச்சட்டம் இயற்றும் சிரமமே படவில்லை; விக்டோரியா முடிசூடும் முன்பே, 1835இல், குதிரைக்கும் வண்டிக்கும் எழுதிய நெடுஞ்சாலைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டார்கள். பாரிஸ் 2023இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி வாடகை ஸ்கூட்டர்களை ஊரைவிட்டே அனுப்பியது.

வேப்பம்பட்டிலோ சட்டமின்றி, அபராதமின்றி, வாக்கெடுப்பின்றி இந்நெறி முழுமையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஸ்டேஷன் ரோட்டு நடைபாதையில் ஒரு ஸ்கூட்டரும் ஓடுவதில்லை. நடைபாதை இருந்தால்தானே ஓடும் என்பர் எளியோர். அறிஞர்க்கு அது போதாது.

தெருவோரம் ஆங்காங்கே தென்படும் சிமென்ட் பலகையே நடைபாதை என்பது முதல் கட்சி (டீக்கடை, வடக்கு பெஞ்சு, காலைப் பதிப்பு). அன்று, அது மழைநீர்க் கால்வாயின் மூடி என்பது இரண்டாம் கட்சி (மேற்படி பெஞ்சு, மாலைப் பதிப்பு, மழைக்குப் பின் திருத்தியது). அது பஜ்ஜிக் கடையின் அடித்தளமே என்பது மூன்றாவது. இதற்குச் சான்று ஷேர் ஆட்டோவின் பின்முகப்பில் இருந்த மூன்று வரிகள். கடைசி வரி வெயிலில் உரிந்துவிட்டது. உரிந்ததை நினைவிலிருந்து மீட்டுத் தந்தவர் ஓட்டுநரின் மைத்துனர். அது இடைச்செருகல் என மறுத்தவர் எதிர்க்கடைப் பரோட்டா மாஸ்டர். மறுப்புக்கு மறுப்பு பரோட்டாவை மடித்த தாளில் எண்ணெய் ஊறிய நிலையில் கிடைத்துள்ளது. இவ்விருவரும் கூறியதே சரி என்று ஒரு பேராசிரியர் கருத்தரங்கில் நிறுவினார். எதையும் நிறுவாததால் எவரும் மறுக்க முடியாமற்போக, பதவி உயர்வு பெற்றார். குமரிக்கண்டத்தில் நடைபாதை இருந்ததென்று அவர் அடுத்து எழுதிய கட்டுரையை, பணம் கட்டிய மறுநாளே ஆய்விதழ் ஒன்று ஏற்றது. மதிப்பீட்டாளர் குழு தன் கருத்தை ஒரே சொல்லில் தெரிவித்திருந்தது: "சிறப்பு."

நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் கூடுவாஞ்சேரியில் கிடக்கும் நடையைக் கொண்டுவந்து வேப்பம்பட்டுப் பாதையோடு கூட்டிப் பொருள் முடித்திருப்பார். நமக்கு அத்துணை வல்லமை இல்லை.

எஞ்சியது ஹெல்மெட். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளில் செல்வோரைத்தான் அணியச் சொல்கிறது. வண்டியல்லாத வண்டியை அது தொடாது. ஆயினும் வீட்டார் வாங்கிக் கொடுத்துவிடுவதால், அதை எங்கே வைப்பது என்பது பொருளியல் சிக்கலாகிறது. ஹெல்மெட்டின் தொன்மையான இருப்பிடம் பெட்ரோல் டாங்க். மின்ஸ்கூட்டரில் டாங்க் இல்லை. கால் வைக்கும் இடத்தை 20 லிட்டர் தண்ணீர் கேன் பிடித்துக்கொண்டது. சீட்டுக்கு அடியில் சார்ஜர். கண்ணாடியைக் கழற்றி வீட்டில் வைத்தாயிற்று. முழங்கையில் மாட்டலாமென்றால் அங்கே ஏற்கெனவே சாப்பாட்டுப் பை. கொக்கியில் கறிகாய்க் கவர். இந்நிலை நீடித்தால், வேறு போக்கிடமின்றி, அது தலைக்குப் போய்ச் சேரும் அபாயம் உண்டு.