புது ரேம், கறுப்புத் திரை

கேள்வி: பழைய லேப்டாப்பில் 4 ஜிபியோடு புதிதாக 8 ஜிபி ரேம் சேர்த்தேன். திரையே வரவில்லை. ரேம் பழுதா?

பதில்: வீட்டுக்கு வந்த புது மருமகள் மேல் உடனே பழி போடாதீர்கள்! பெரும்பாலும் ரேம் சரியாக உட்கார்ந்திருக்காது. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ரேமைச் சாய்வாகச் செருகி, இரு பக்கக் கொக்கிகளும் ‘டக்’கென்று பிடிக்கும்வரை அழுத்துங்கள். பிறகும் வராவிட்டால், ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பாருங்கள். புதியது மட்டும் அடம்பிடிக்கிறதா? லேபிளைப் படியுங்கள். டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டும் ஒரே ஸ்லாட்டில் நுழையும். ஆனால் முன்னது கேட்பது 1.5 வோல்ட். 1.35 மட்டுமே தரும் லேப்டாப்பில் அது எழாது. கடையில் மாற்றிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். இன்னொன்று: 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது, 64 பிட்டுக்கு மாறுங்கள்.