திருவொற்றியூர்க் கடலில் 'ஜில்' எனும் உணர்வு: ஓர் ஆய்வு

நீந்தி விளையாட எத்தனை டிகிரித் தண்ணீர் இதமானது என்ற வினாவுக்கு உலகம் எண்ணால்தான் விடை சொல்லிவருகிறது. போட்டிக் குளத்துக்கு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் என்கிறது 'வேர்ல்டு அக்வாட்டிக்ஸ்' எனும் உலக நீச்சல் சம்மேளனம். திறந்த கடலென்றால் 16-க்குக் குறையவும் ஆகாது, 31-ஐத் தாண்டவும் ஆகாது. திருவொற்றியூரில் இந்த எண்கள் செல்லாது என்பதே இவ்வாய்வின் துணிபு. இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஆள் எங்கே நின்றார் என்பதுதான் இங்கே இதத்தைத் தீர்மானிக்கிறது.

சான்று கடலிலேயே கிடக்கிறது. சென்னைக் கடலின் மேற்பரப்பு குளிர்காலத்தில் ஏறக்குறைய 26, 27 டிகிரி; கோடையில் 29, 30. ஆண்டு முழுக்க ஏற்ற இறக்கம் நாலைந்து டிகிரிக்குள் அடங்கிவிடும். கரைக்கு அந்த நிதானம் கிடையாது. மார்கழி விடியலில் காற்று 21-க்கு இறங்கும், கத்திரி வெயிலில் 38-ஐயும் தாண்டும். ஆகவே மார்கழியில் முங்கி எழுபவர் 26 டிகிரித் தண்ணீரை 'வெதுவெதுன்னு இருக்கு' என்கிறார். அவரே கத்திரியில் 30 டிகிரித் தண்ணீரில் விழுந்து 'ஜில்லுனு இருக்குடா' என்று கத்துகிறார். ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிர்ச்சியாகவும் படும் என்று 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஜான் லாக்குக்கு அதை நிறுவ இரண்டு கை தேவைப்பட்டது. நம்மவருக்கு இரண்டு மாதம் போதும். போதாக்குறைக்கு, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் வேறு. பகல் இரண்டு மணிக்கு அவற்றின்மேல் குதிகால் படாமல், விரல் நுனியில் தாவித் தாவி வரும் பையனிடம் தெர்மாமீட்டரை நீட்டிப் பயனில்லை. அவனுக்கு முதல் அலையே குற்றாலம்.

'அப்படியானால் வெயில் ஏற ஏற, 15 டிகிரித் தண்ணீர் இன்னும் இதமா?' என்று மறுப்பாளர் கேட்கலாம். ஆகாது. முதல் 'ஜில்' தோல் சொல்லும் தீர்ப்பு. பத்து நிமிடம் கழித்து உடம்பு மேல்முறையீடு செய்யும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஆங்கிலக் கால்வாய் கோடையிலும் 15 முதல் 18 டிகிரிதான். 1994-ல் சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் அதை நீந்திக் கடந்தது சாதனை; அதைப் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்க்க முடியாது. நம் கோட்பாடு 26-க்கும் 30-க்கும் இடையில்தான் செல்லும். நல்லவேளையாக நம் கடலும் அதை விட்டு அதிகம் நகர்வதில்லை. இன்னொரு மறுப்பு எண்ணூர்ப் பக்கமிருந்து வரும்: அனல்மின் நிலையத்து வெந்நீர் இருக்க, இதத்துக்கு என்ன பஞ்சம்? வெளியேற்றும் நீரால் கடல்நீரின் சூடு 7 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்பது மத்திய அரசின் விதி. விதிக்கு உட்பட்டே கூட்டினாலும் 30-உம் 7-உம் 37, அதாவது உடற்சூடு. கைகால் வீசுகையில் பிறக்கும் சூடு போக வழியின்றி உள்ளேயே தங்கும்; அதில் நீந்துவது காய்ச்சலை விலை கொடுக்காமல் வாங்குவது.

எனவே கரை 38, கடல் 30, இடைவெளி எட்டு டிகிரி: இதுவே திருவொற்றியூரின் இதம். செருப்புப் போட்டுக்கொண்டே தண்ணீர் வரை வருபவர்களுக்கு இம்முடிவு பொருந்தாது.