ஆகாயத்தில் செவ்வாய்க்கிழமை: ஒரு தூர, கால ஆராய்ச்சி

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர் என்பது ஆன்றோர் கொள்கை. இது பூமியின் முதுகின்மேல் அளந்தது. நிலத்தைக் குடைந்து நேரே போனால் 11,900 கிலோமீட்டர்தான் என்பாரும் உளர். கணக்கு சரியே, ஆயினும் அவ்வழியில் குடிநுழைவு அதிகாரிகள் இல்லாமையால் அது கொள்ளப்படவில்லை.

பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் வடதுருவத்தை உரசிக்கொண்டு போகும். நியூயார்க் போகும் விமானியோ பல நாள் அவ்வழியை விட்டுப் பசிபிக் பக்கமாகச் சுற்றுகிறார். சுற்றுவழி எப்படி விரைவாகும் எனின், மேற்கிலிருந்து கிழக்கே பாயும் உயர்வானக் காற்று பின்னின்று தள்ளுவதால் என்க. நம்மை ஊரெல்லாம் சுற்றிக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரரும் இதே போன்ற விளக்கம் தருவதுண்டு. அவருக்குக் காற்று சாட்சி சொல்லாது.

திரும்பும் பயணம் சுமார் 18 மணி 40 நிமிடம். எப்போதிலிருந்து? விமானம் நகர்ந்த கணம் என்பது விமானியின் கட்சி. பெட்டியின் எடை மிஞ்சி ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்த கணம் என்பது பயணியின் கட்சி. "கிளம்பிட்டியா?" என்று முதன்முதலாகக் கேட்ட கணம் என்பது உறவினர் கட்சி, அது முந்தின நாளுக்கே போய்விடுவதால் தள்ளத்தக்கது.

இனி முதன்மைச் சிக்கல். செவ்வாய், வெள்ளி அசைவம் தொடாத ஒருவர் திங்கள் இரவு 10:30க்கு நியூயார்க்கில் புறப்படுகிறார் எனக் கொள்க. கோடையில் சிங்கப்பூர் 12 மணி நேரம் முந்தியது. அங்கே அப்போதே செவ்வாய் காலை 10:30. அவர் இறங்குவதோ புதன் விடிகாலை 5:10க்கு. இடைப்பட்ட செவ்வாயில் கோழி ஆகுமா?

ஆகும். ஏறியதும் வரும் சாப்பாட்டை நியூயார்க் கடிகாரப்படி உண்க: இன்னும் திங்கள். இறங்குமுன் வருவதைச் சிங்கப்பூர் கடிகாரப்படி உண்க: பிறந்துவிட்டது புதன். செவ்வாய் முழுவதும் தூக்கத்தில் கழிந்தது. (2020இல் தொடங்கிய இந்த நேரடிச் சேவைக்கான ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தில் 161 இருக்கைகளே, சாதாரண வகுப்பு கிடையாது. ஆகவே கோழியின் தரம் பற்றி ஐயமில்லை.)

ஒரே வயிற்றுக்கு இரண்டு கடிகாரமா என்று பரபக்கத்தார் சீறுவர். பயணச்சீட்டே புறப்பாட்டை ஓர் ஊர் நேரத்திலும் வருகையை இன்னோர் ஊர் நேரத்திலும் அச்சிடுகிறது. வயிறு சீட்டைப் பின்பற்றுகிறது, அவ்வளவே.

எதிர்த்திசையில் இச்சலுகை இல்லை. செவ்வாய் பிறந்த கையோடு சிங்கப்பூரில் ஏறுபவருக்கு, நியூயார்க்கில் நள்ளிரவு அடிக்கும்வரை அந்தச் செவ்வாய் 36 மணி நேரம் நீளும். குளிர்காலத்தில் 37. டிசம்பரில் போகிறவர்கள் புதன்கிழமைச் சீட்டு எடுப்பது உத்தமம்.