காவி இல்லை, ஆரஞ்சு

அன்னவாசல் கடைவீதியில் எனக்குப் பழக்கமான ஒரு மளிகைக்கடை. முகப்பில் ரொம்ப வருஷமாக ஒரு தகரப் பலகை தொங்கியது. தோகை விரித்த மயில், கீழே நிழல் போட்டு எழுதிய கொழுத்த எழுத்தில் கடைப்பேர், மூலையில் வரைந்த பெயின்டரின் கையெழுத்து. மகன் படிப்பை முடித்துவிட்டு வந்தான். மயில் இறங்கியது. இப்போது அங்கே ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒற்றை ஆங்கில எழுத்து. துவரம்பருப்பு வாங்க வந்த அப்பத்தா ஒருத்தி வாசலிலேயே நின்று, “ஏப்பா, ஸ்கேன் எடுக்குற எடமா மாத்திட்டியளா?” என்று கேட்டாள். உள்ளே அதே தராசு. பருப்பில் அதே கல்.

பையனைச் சொல்லிக் குற்றமில்லை. உலகமே மொட்டையடித்துக்கொண்டுதான் நிற்கிறது. பர்பெரி 2018-இல் தன் குதிரை வீரனை இறக்கிவிட்டு மொட்டை எழுத்துக்கு மாறியது. 2023-இல் அதே வீரனைத் திரும்பக் கூப்பிட்டுக் குதிரையில் ஏற்றியது. இறக்கவும் கூலி, ஏற்றவும் கூலி. கேப் துணிக் கம்பெனி 2010-இல் மாற்றிய சின்னத்தை ஜனங்கள் காறித் துப்ப, ஒரே வாரத்தில் பழையதற்கே ஓடியது. பெப்சி 2008-இல் தன் உருண்டையைக் கொஞ்சம் சாய்த்தது. அந்தச் சாய்ப்புக்கு டிசைன் கம்பெனி எழுதிய வியாக்கியானத்தில் மோனலிசா வருகிறாள், பூமியின் காந்தப்புலம் வருகிறது. பாட்டிலுக்குள் என்னவோ அதே சர்க்கரைத் தண்ணீர்தான்.

போகட்டும், அவர்கள் தங்கள் காசில் கூத்தடிக்கிறார்கள். நம் காசில் நடக்கும் கூத்தைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. 2024 ஜனவரியில் ‘பொதிகை’ என்ற பேரைக் கழற்றிவிட்டு ‘டிடி தமிழ்’ என்று மாட்டினார்கள். அகத்தியர் மலையின் பேரை எடுத்துவிட்டுத் தமிழை வளர்க்கிறார்களாம்! ஏப்ரல் 16 அன்று, தமிழ்நாடு ஓட்டுப் போட மூன்றே நாள் இருக்கும்போது, டிடி நியூஸ் சின்னம் சிவப்பிலிருந்து காவிக்கு மாறியது. கேட்டதற்கு, அது காவி இல்லை, ஆரஞ்சு என்றார் பிரசார் பாரதியின் தலைமை அதிகாரி. சரிங்க ஐயா, ஆரஞ்சு. எங்களுக்குத்தான் கண் புரை.

அக்டோபரில் பிஎஸ்என்எல் முறை. ஆரஞ்சு வட்டம் வந்தது. வாசகத்தில் ‘இந்தியா’ போய் ‘பாரத்’ வந்தது. ஜியோ 4ஜியோடு கடை விரித்தது 2016-இல். பிஎஸ்என்எல்லின் 4ஜியை நாடு முழுமைக்கும் என்று சொல்லித் தொடங்கி வைத்தது 2025 செப்டம்பரில். நடுவே 2020 ஜனவரியில் 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் வீட்டுக்குப் போனார்கள். யாருடைய விருப்பம் என்று கேட்காதீர்கள். டவரில் 4ஜி ஏறி முடிப்பதற்குள் போர்டில் காவி ஏறிவிட்டது. மன்னிக்கவும், ஆரஞ்சு.

நம்மூர்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில், யாரோ அனுப்பிய நிவாரணப் பொட்டலத்தைக்கூட மறித்து அம்மா ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் என்று தன்னார்வலர்கள் குமுறினார்கள். தண்ணீர் வடிவதற்குள் பசை காய்ந்துவிட்டது.

அன்னவாசலுக்குப் பக்கத்திலேயே சித்தன்னவாசல். குடைவரையின் விதானத்தில் 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைக் குளம்: மீன், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். அந்த ஓவியனுக்குக் காவி என்றால் அரைத்து எடுத்த கல், அவ்வளவுதான். எந்தக் கட்சிக்கும் சந்தா கட்டாத காவி. குன்றின் மேலே ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களுக்கு வெட்டிய படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. ஒரு படுக்கையில் இரண்டாயிரம் வருஷத்துத் தமிழி எழுத்து, யாருக்காக யார் செய்தது என்று. ஆள் சாய்ந்து படுக்க இடம் செய்துவிட்டுப் பேரை வெட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு என்றால் முதலில் சின்னம், அடுத்து அமைச்சர் கையால் திரை விலக்கு, சால்வை, செல்ஃபி. படுக்கைக்கு டெண்டர் அடுத்த நிதியாண்டில்.

போன வாரம் கடைக்காரரிடம் மயில் எங்கே என்று கேட்டேன். “வீட்ல ஆட்டுக்கொட்டாய்க்கு மேல போட்ருக்கேண்ணே” என்றார். ஐப்பசி மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லையாம். புது வட்டத்தில்தான் தண்ணீர் இறங்கி லைட் எரியவில்லை.