எடிட்டர் உங்களுடையது, ரெப்போ ஊருடையது

கேள்வி: ப்ராஜெக்ட்டில் 'டாட் ஐடியா' என்று ஒரு ஃபோல்டர் முளைத்திருக்கிறது. நான் யாருக்கும் ஐடியா கொடுக்கவில்லையே? (சிறுசேரி வாசகர்)

பதில்: கொடுத்தது இன்டெல்லிஜே ஐடியா. ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்கள் ப்ராஜெக்ட்டைத் திறந்ததுமே அதைப் போட்டுவிடும். அதற்குள் வொர்க்ஸ்பேஸ் டாட் எக்ஸ்எம்எல் என்று ஒன்று இருக்கும். சும்மா திறந்து மூடினாலே மாறும். அதைக் கமிட் செய்து வந்தால், ஒரு வரி கோட் எழுதாத நாளிலும் நீங்கள் உழைத்ததாக ஹிஸ்டரி சாட்சி சொல்லும். அப்ரைசல் நேரத்தில் உதவலாம்; மற்றபடி வேண்டாம்.

கேள்வி: டாட் கிட்இக்னோரில் எழுதிவிட்டேன். அப்படியும் கிட் அதே ஃபைலை 'மாறியிருக்கிறது' என்கிறதே? (கோவை வாசகி)

பதில்: ஆள் பந்தியில் உட்கார்ந்துவிட்ட பிறகு வாசலில் காவல் போட்டிருக்கிறீர்கள். கிட் ஏற்கெனவே கண்காணிக்கும் ஃபைலை இக்னோர் விதி தொடாது. 'கிட் ஆர்எம்' கட்டளையை 'கேச்டு' ஆப்ஷனோடு கொடுத்து, கமிட் செய்யுங்கள். கண்காணிப்பு நீங்கும், உங்கள் டிஸ்க்கில் ஃபைல் அப்படியே இருக்கும்.

'உங்கள்' என்பதைக் கவனியுங்கள். அந்தக் கமிட்டை மற்றவர்கள் புல் செய்யும்போது அவர்கள் மெஷினில் ஃபைல் அழிந்துபோகும். அதில் கை வைத்திருந்தவர்களுக்குப் புல்லே பாதியில் நிற்கும். ஒருமுறை யாரிடமும் சொல்லாமல் இதைச் செய்தேன். மறுநாள் காலை டீ குடிக்கக்கூட விடவில்லை. முதலில் டீமில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் விம், பக்கத்து சீட்டில் ஈமாக்ஸ், எதிரே மேக். ஆளாளுக்கு வரி சேர்த்து எங்கள் டாட் கிட்இக்னோர் மளிகை லிஸ்ட் மாதிரி ஆகிவிட்டது. (மதுரை வாசகர்)

பதில்: விம்மின் ஸ்வாப் ஃபைல், ஈமாக்ஸ் வால் முளைக்கவைத்து விட்டுப்போகும் பேக்கப், மேக்கின் டிஎஸ் ஸ்டோர் எல்லாம் அவரவர் வீட்டுக் குப்பை. அவரவர் ஹோம் டைரக்டரியில் டாட் கான்ஃபிக், அதற்குள் கிட், அதற்குள் இக்னோர் என்ற ஃபைலில் ஒருமுறை எழுதினால் போதும். அந்த மெஷினில் உள்ள எல்லா ரெப்போவுக்கும் செல்லும். வேறு இடம்தான் வேண்டுமென்றால் 'கோர் டாட் எக்ஸ்க்ளூட்ஸ்ஃபைல்' செட்டிங்கில் காட்டுங்கள். கிட் கையேடும் எடிட்டர் குப்பைக்கு இந்த இடத்தைத்தான் சொல்கிறது.

ஒரே ஒரு ரெப்போவில் மட்டும் ரகசியமாக ஒதுக்கவா? டாட் கிட் ஃபோல்டருக்குள் இன்ஃபோ, அதில் எக்ஸ்க்ளூட். அது உங்கள் காப்பியைத் தாண்டிப் போகாது. பொது டாட் கிட்இக்னோரில் இருக்க வேண்டியவை, யார் பில்ட் செய்தாலும் விழுகிற நோட் மாட்யூல்ஸ், டார்கெட் வகையறா.

கேள்வி: "ரெண்டு வரி சேர்த்தால் குடியா முழுகிவிடும்?" என்கிறார் எங்கள் லீட். (அதே மதுரை வாசகர்)

பதில்: முழுகாது. தினம் புதியவர்கள் வந்து போகும் ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டில், ஒவ்வொருவருக்கும் பாடம் எடுப்பதைவிட ரெண்டு வரி மலிவு. எட்டுப் பேர் டீமுக்கு அந்தச் சாக்கு செல்லாது.

கேள்வி: அப்படியானால் எடிட்டர் ஃபைல் ஒன்றுவிடாமல் தூக்கிவிடலாமா? (திருச்சி வாசகி)

பதில்: அவசரம் வேண்டாம். டாபா ஸ்பேஸா, வரி எப்படி முடிய வேண்டும் என்பதெல்லாம் டீமின் முடிவு. அதைச் சொல்லும் டாட் எடிட்டர்கான்ஃபிக் ரெப்போவில் இருக்கட்டும். பல எடிட்டர்களுக்கு அது புரியும். விஎஸ் கோடு போன்ற சிலவற்றுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போட வேண்டும். எந்த எக்ஸ்டென்ஷன்கள் வேண்டும் என்று பரிந்துரைக்கும் விஎஸ் கோடின் எக்ஸ்டென்ஷன்ஸ் டாட் ஜேசனும் இருக்கலாம். உங்கள் ஃபான்ட் சைஸ் 18 என்பது டீமின் முடிவல்ல, உங்கள் கண் டாக்டர் சமாச்சாரம். யூசர் செட்டிங்ஸில் வையுங்கள்.

கேள்வி: செட்டிங்ஸ் ஃபைலோடு டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் புஷ் ஆகிவிட்டது. அடுத்த கமிட்டிலேயே அழித்துவிட்டேன். தப்பித்தேனா? (பெயர் வேண்டாமாம்)

பதில்: இல்லை. பழைய கமிட்டில் அது பத்திரமாக இருக்கிறது. இதைப் படித்து முடிப்பதற்குள் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஹிஸ்டரியைக் கழுவுவது அப்புறம்.

கேள்வி: விம்மா, ஈமாக்ஸா? உங்கள் கட்சி எது? (சேலம் வாசகர்)

பதில்: என் ரெப்போவைக் குளோன் செய்து பாருங்கள். கண்டுபிடிக்க முடியாது.